இலைக் கிண்ணத்தில் ஒரு குடும்பம்: ப்ரோமிலியாட் தவளைகளைத் தேடிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

வீட்டில் அன்னாசிச் செடி இருந்தால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு குவளைத் தண்ணீரை அதன் நடுக்குருத்தின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். பாதி வழிந்து மண்ணுக்குப் போகும். மீதி எங்கே போயிற்று என்று குனிந்து பாருங்கள். ஒவ்வோர் இலையும் தண்டைத் தழுவும் இடத்தில் ஒரு சிறு குழி இருக்கும். அதில் அரை மடக்குத் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். அன்னாசிக்கு அது மழை விட்டுச்சென்ற மிச்சம். அதன் உறவுக்காரச் செடிகள் பலவற்றுக்கு அதுதான் பிழைப்பு.

அந்த உறவுக்காரர்களைத்தான் ப்ரோமிலியாட் என்கிறோம். 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் வாழும் ஒரே ஓர் இனத்தைத் தவிர மற்ற அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. மண்ணைத் தொடாமல் மரக்கிளையிலும் பாறையிலும் உட்கார்ந்தே வாழ்பவை அவற்றில் ஏராளம். வேர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே பயன்படுகின்றன. மழைநீரும், அதில் விழுந்து மட்கும் சருகும் இலையடியில் சேர்கின்றன. இலையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் அந்த நீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. சிறு செடியில் சில மில்லிலிட்டர் நிற்கும். பெரிய செடியில் பல லிட்டர் நிற்கும். காட்டின் உயரத்தில், ஓடையும் குளமும் இல்லாத இடத்தில், வானம் பார்த்த ஒரு குட்டிக் குளம்.

அந்தக் குளத்தில் பிறந்து, அங்கேயே பாடி, அங்கேயே முட்டையிட்டு வாழும் சின்னஞ்சிறு மரத்தவளைகளைத் தேடிப் பார்ப்பதற்கான வழிகாட்டி இது. பிரேசிலின் கிழக்குக் கடற்கரையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கோஸ்டா ரிகாவையும் ஜமைக்காவையும் இடையிடையே தொட்டுச் செல்வேன். முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துச் செல்லுங்கள்: செடியைப் பிரிக்காதீர்கள். இலைகளை விலக்கி, தண்ணீரைக் கவிழ்த்து, தவளையைக் கண்டுவிட்டேன் என்று மகிழ்பவர், அது வாழ்ந்த வீட்டை இடித்துவிட்டுத்தான் மகிழ்கிறார். ஒருமுறை பிளந்த இலையடி மீண்டும் தண்ணீர் பிடிக்காது.

விருந்தாளியும் வீட்டுக்காரரும்

ப்ரோமிலியாட்டில் ஒரு தவளையைக் கண்டதும் அது ப்ரோமிலியாட் தவளை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிரேசிலிய ஆய்வாளர் ஓஸ்வால்டோ பெய்ஷோட்டோ 1995இல் இதற்கு ஒரு தெளிவான பிரிவினை கொடுத்தார். வெயிலுக்கும் வறட்சிக்கும் ஒதுங்கச் செடிக்கு வந்து, முட்டையிட வேறெங்கோ குளத்துக்குப் போகும் தவளைகள் ஒரு வகை. முட்டை முதல் முதுமை வரை செடியையே நம்பியிருக்கும் தவளைகள் இன்னொரு வகை. நம் ஊர்த் தோட்டங்களிலும் இப்போது அழகுக்கு ப்ரோமிலியாட் வளர்க்கிறார்கள். அதில் பகலில் ஒரு மரத்தவளை ஒடுங்கியிருந்தால் அது விருந்தாளி. நம் மரத்தவளை நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி முட்டையிடும் இனம். இலையடியில் அது குடும்பம் நடத்தாது.

வீட்டுக்கார இனங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஃபில்லோடைட்டஸ் லூட்டியோலஸ். பலாக்கொட்டையைவிடச் சிறிய மஞ்சள் தவளை. உடல் நீளம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். ஜெர்மன் இளவரசரும் இயற்கையாளருமான மாக்ஸிமிலியான் ஃபன் வீட், பிரேசில் பயணத்துக்குப் பின் 1820களில் இதை உலகுக்கு விவரித்தார். அடுத்தது ஓலோலைகன் பெர்புசில்லாவும் அதன் நெருங்கிய இனங்களும். அதே அளவு, அதே வாழ்க்கை. பெர்புசில்லாவை 1939இல் விவரித்தவர்கள் அடோல்ஃபோ லுட்ஸும் அவர் மகள் பெர்த்தா லுட்ஸும். பெர்த்தா தவளை ஆய்வாளர் மட்டுமல்லர், பிரேசில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர், 1945இல் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்ட மிகச் சில பெண்களில் ஒருவர்.

முதல் படி: வீட்டிலேயே பழகுங்கள்

விமானம் ஏறும் முன் அன்னாசிச் செடியில் ஒரு வாரம் பயிற்சி எடுங்கள். செடியை மேலிருந்து பார்த்தால் இலைகள் சுருளாக அடுக்கியிருப்பது தெரியும். அதைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். வடக்குப் பக்கம் 12 மணி. இனி ஒவ்வோர் இலையடிக்கும் ஒரு முகவரி உண்டு: வெளி அடுக்கு, 4 மணி; நடு அடுக்கு, 9 மணி; எல்லாவற்றுக்கும் நடுவில் நடுக்கிண்ணம். டார்ச் வெளிச்சத்தில், எந்த இலையையும் தொடாமல், எத்தனை குழிகளில் நீர் நிற்கிறது என்று எண்ணிக் குறியுங்கள். மறுநாள் உங்கள் குறிப்பைப் பார்க்காமல் மீண்டும் எண்ணுங்கள். இரண்டு எண்களும் ஒத்துவரும்வரை தொடருங்கள். எளிதாகத் தெரியும் இந்த வேலைக்கு மூன்று நான்கு நாள் ஆகும். காட்டில், கொசுக்கடிக்கு நடுவே, அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: இடமும் காலமும்

எஸ்பிரிட்டோ சான்ட்டோ மாநிலத்தில், விட்டோரியா நகருக்குத் தெற்கே குவாராபாரிப் பகுதியில், பாவுலோ சேசர் வின்யா மாநிலப் பூங்கா இருக்கிறது. கடலோர மணலில் வளரும் புதர்க்காடு. அங்கே அதை ரெஸ்டிங்கா என்கிறார்கள். மணலுக்கு நீரைப் பிடித்துவைக்கத் தெரியாது. எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே இறங்கிவிடும். ஆகவே மணல்மேட்டில் வாழும் சிறு தவளைக்கு ப்ரோமிலியாட்டின் இலையடியே ஊருணி.

அந்தப் பூங்காவின் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதரைத் தெரிந்துகொண்டு போங்கள். பாவுலோ சேசர் வின்யா ஓர் உயிரியலாளர். அந்தப் பகுதியில் சட்டவிரோதமாக மணல் அள்ளுவதை எதிர்த்தவர். 1993இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மணலுக்காக உயிர் போகும் கதை நமக்கும் புதிதில்லை. அந்த மணல்மேட்டில் டார்ச் பிடித்து நடக்கும்போது, இந்தச் செடிகள் இன்னும் இங்கே நிற்பதற்கு ஒருவர் கொடுத்த விலை என் நினைவை விட்டுப் போகவில்லை.

மழைக்காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. அப்போது போவது நல்லது. மழை நின்ற மறுநாள் மாலை மிகச் சிறந்த வேளை. வெளிச்சம் இருக்கும்போதே செடிகளைத் தேர்ந்துவிடுங்கள். இருட்டிய பிறகு எல்லாப் புதரும் ஒன்றுபோலத் தோன்றும். பூங்காவுக்குள் இரவில் இருப்பதற்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் தவளை என்று கேட்காமல் பெரெரேக்கா என்று கேளுங்கள். அங்கே மரத்தவளைக்கு அதுதான் பெயர். செடிக்கு ப்ரொமேலியா என்றோ கிரவத்தா என்றோ சொன்னால் புரிந்துகொள்வார்.

தவளையைப் பிடிக்கவோ, அளக்கவோ, மாதிரி எடுக்கவோ எண்ணினால் அது ஆய்வாகிவிடும். பிரேசிலில் அதற்கு அரசின் சிஸ்பியோ உரிமம் வேண்டும். இந்த வழிகாட்டி கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமானது.

எந்தச் செடியைத் தேர்வது? நடுக்கிண்ணத்தில் நீர் நிற்கும் செடி. வெளி இலைகள் காய்ந்து கிழியாத செடி. சுற்றிலும் இன்னும் நான்கைந்து செடிகள் கூட்டமாக நிற்கும் இடம். தனித்து நிற்கும் செடியிலும் தவளை இருக்கலாம். ஆனால் கூட்டத்தில் ஆண் குரல் கொடுக்க ஒரு செடி, பெண் ஒதுங்க ஒரு செடி, முட்டைக்கு ஒரு செடி என்று அவற்றுக்குத் தெரிவு இருக்கிறது. முதல் நாளுக்கு ஐந்து செடிகள் போதும். ஐம்பது செடிகளை எட்டிப் பார்ப்பதைவிட ஐந்தின் அருகே உட்கார்ந்தால் அதிகம் தெரியும்.

மூன்றாம் படி: பையும் காலணியும்

தலையில் மாட்டும் விளக்கு ஒன்று, வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடியதாக. கையில் ஒரு சிறு டார்ச். பென்சில், ஈரம் தாங்கும் நோட்டுப் புத்தகம், அளவு நாடா, வெப்பமானி. குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. கைபேசியோடு இணைத்தால் இலையடியின் ஆழத்தை எதையும் தொடாமல் பார்க்கலாம். இலைகளை விலக்கிப் பார்த்த காலத்துக்கு அந்தக் கேமரா முற்றுப்புள்ளி வைத்தது. முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் காலணி.

கொசுவிரட்டி பூசிய கையோடு செடி அருகே போகாதீர்கள். தவளை தோலால் நீரையும் காற்றையும் உறிஞ்சும் பிராணி. உங்கள் விரலில் இருக்கும் மருந்து அரை மடக்குத் தண்ணீரில் கலந்தால் அந்தக் குழிக்குள் இருப்பவற்றுக்கு அதுவே ஆலை கழிவுநீர். துணிமேல் தெளித்துக்கொள்ளுங்கள், கைக்கு வேண்டாம்.

காலணி விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். கைட்ரிட் என்னும் பூஞ்சை உலகெங்கும் தவளைகளைக் கொன்றிருக்கிறது. 1999இல்தான் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். அதற்குள் மத்திய அமெரிக்காவின் மலைக்காடுகளில் பல இனங்கள் மௌனமாகிவிட்டிருந்தன. ஈர மண் ஒட்டிய காலணி அதை ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குக் கொண்டுபோகும். ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் மண்ணைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ப்ளீச் கரைசலில் நனைத்து, வெயிலில் மொறமொறவென்று காய வையுங்கள். கேமராக் குழாயையும் ஒவ்வொரு செடிக்குப் பிறகும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். காயாத காலணியோடு அடுத்த காட்டுக்குப் போவதைவிட அன்றைய பயணத்தைத் தள்ளிப்போடுவது மேல்.

நான்காம் படி: விரலை உள்ளே விடாதீர்கள்

அந்தக் குளத்துக்குத் தவளை மட்டும் வருவதில்லை. தேள் வரும். அலையும் சிலந்தி என்று பெயர்பெற்ற, கடுமையான நஞ்சுள்ள ஃபோனியூட்ரியா சிலந்தி பகலில் அங்கே பதுங்கும். தவளையைத் தேடிப் பாம்பும் வரும்.

தவளையே கொட்டுவதும் உண்டு. ரெஸ்டிங்காவில் நிக்டிமான்டிஸ் புரூனோய் என்று ஒரு பெரிய மரத்தவளை வாழ்கிறது. அதன் மண்டையோட்டின் மேல் தோல் இறுகி ஒட்டிக் கவசம்போல இருக்கும். பின்பக்கமாக ப்ரோமிலியாட்டுக்குள் இறங்கி, தன் தலையையே மூடியாக்கி வாசலை அடைத்துவிடும். ஈரமும் தங்கும், எதிரியும் நுழைய முடியாது. 2015இல் சாவோ பாவுலோவின் புட்டான்டான் நிறுவன ஆய்வாளர் கார்லோஸ் ஜாரெட்டின் குழு ஒரு செய்தியை வெளியிட்டது: இந்தத் தவளையின் மண்டை முட்கள் நஞ்சுச் சுரப்பிகளைத் துளைத்துக்கொண்டு வெளிவருகின்றன, முட்டினால் நஞ்சு உடலில் ஏறும். அதன் உறவினமான இன்னொரு கவசத்தலைத் தவளையைக் கையில் பிடித்த ஜாரெட் ஐந்து மணி நேரம் வலியில் துடித்தார். அந்த இனத்தின் நஞ்சைவிட புரூனோயின் நஞ்சு இன்னும் கடுமையானது.

இலையடியில் சாம்பல் நிறக் கட்டை ஒன்று அடைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றினால், அதற்கு இரண்டு கண்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

ஐந்தாம் படி: கண்ணுக்கு முன் காது

சூரியன் மறையும் முன் தேர்ந்த செடியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்காருங்கள். விளக்கை அணையுங்கள். முதல் கால் மணி நேரம் ஒன்றும் செய்யக் கூடாது. உங்கள் காலடி அதிர்வில் அடங்கிய தவளைகள் மறுபடி வாய் திறக்க அவ்வளவு நேரமாவது ஆகும்.

முதல் குரல் எழுந்ததும் திரும்பாதீர்கள். ஒரே மாதிரியான குறு ஒலிகள் சரமாகக் கோத்து வரும். ஒரு சரம் எத்தனை விநாடி நீள்கிறது, எத்தனை விநாடி இடைவெளி, பக்கத்துச் செடியிலிருந்து பதில் வருகிறதா என்று கவனியுங்கள். லூட்டியோலஸ் ஆண்களுக்குச் செடி உடைமை. கீழ்த்தாடையில் கோரைப்பல்போல இரண்டு எலும்பு முனைகள் உண்டு. எல்லைச் சண்டையில் அவை பயன்படும். இரண்டு குரல்கள் நெருங்கி, வேகம் கூடி, திடீரென ஒன்று நின்றுவிட்டால், அங்கே ஒரு தகராறு முடிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

குரல் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பதில் பலரும் ஏமாறுவார்கள். இலைக்குழிக்குள்ளிருந்து வரும் ஒலி மேல்நோக்கித் திரும்பி, பக்கத்துச் செடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். இருவராகப் போனால் எளிது. ஒருவர் இங்கே, இன்னொருவர் சில அடி தள்ளிப் பக்கவாட்டில். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு குரல் வரும் திசையைக் கைநீட்டிக் காட்டுங்கள். இரண்டு கைகளின் கோடுகளும் சந்திக்கும் செடிதான் அது. கைபேசியில் இரண்டு மூன்று நிமிடம் பதிவு செய்து, நேரத்தையும் காற்றின் வெப்பத்தையும் பதிவிலேயே பேசி வைத்துவிடுங்கள். வெப்பம் மாறினால் குரலின் வேகமும் மாறும். வெப்பம் குறிக்காத பதிவை வேறொரு இரவோடு ஒப்பிட இயலாது.

பதிவு செய்த குரலை அவற்றுக்குப் போட்டுக் காட்டாதீர்கள். இல்லாத எதிரியோடு சண்டையிட ஒரு சிறு உயிரை இரவெல்லாம் அலைக்கழிக்க நமக்கு உரிமை இல்லை.

ஆறாம் படி: மேலிருந்து, சாய்ந்து, சிறிது சிறிதாக

விளக்கை மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, செடியின் வெளி அடுக்கிலிருந்து தொடங்குங்கள். நேராக நடுக்கிண்ணத்தில் வெளிச்சம் பாய்ச்சினால் உள்ளே இருப்பவை அடியில் இறங்கிவிடும். இலையின் முதுகுப் பக்கமாக ஒளியைச் சாய்த்து விடுங்கள். பச்சை இலை ஒளியை ஊடுருவ விடும். உள்ளே ஒட்டியிருக்கும் உடல் நிழலாகத் தெரியும். அங்கே ஒரு வழிகாட்டி எனக்கு இதைக் காட்டித் தந்தார். பின்னால் என்ன கருவி வாங்கியும் இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

நான் முதலில் கண்ட லூட்டியோலஸ் ஒரு மூக்கு நுனி மட்டும்தான். வெளி அடுக்கு, 7 மணி. நீரின் விளிம்பில், இலைக்கும் இலைக்கும் நடுவே, அரிசிமணி அளவு மஞ்சள். விளக்கை விலக்கிக்கொண்டு காத்திருந்தேன். சில நிமிடம் கழித்து ஒரு முன்கை வெளியே வந்து இலையைப் பற்றியது. ஒவ்வொரு விரல்நுனியிலும் குண்டூசித் தலைபோல ஒரு வட்டத் தட்டு. பிறகு மற்ற கை. பிறகு தங்கத் தூள் தூவியதுபோன்ற கண். மூக்கிலிருந்து கண்ணைக் கடந்து விலாவுக்கு ஓடும் ஒரு கருங்கோடு. முழு உடலும் வெளியே வந்தபோது அதன் தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. இலையின் மேல் ஓர் எறும்பு போயிற்று. தவளை அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. அடுத்த கணம் எறும்பு அங்கே இல்லை.

புகைப்படம் எடுப்பதானால் ஒரு தவளைக்கு இரண்டு மூன்று படங்களோடு நிறுத்துங்கள். பாடிக்கொண்டிருந்த ஆண் வாய் மூடிவிட்டால் உடனே பின்வாங்குங்கள்.

தவளை உட்கார்ந்த இலையில் கரிய எச்சம் தெரிந்தால் அதையும் குறியுங்கள். தவளை செடிக்குக் கொடுக்கும் வாடகை அது. ப்ரோமிலியாட்டும் மரத்தவளையும் கொண்டு பிரேசிலில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பசுமைக்குடிலில் வைத்த செடிகள் தம் நைட்ரஜனில் கால் பங்குக்கும் சற்று மேலாகத் தவளை எச்சத்திலிருந்து எடுத்துக்கொண்டது தெரியவந்தது. மண் இல்லாத செடிக்கு எருப்போடும் உழவன் அந்தத் தவளை.

ஏழாம் படி: தலைப்பிரட்டையைப் படிப்பது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். தவளை வந்து போகும். தலைப்பிரட்டை இருந்தால்தான் அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

நீர்ப்பரப்பின் மேல் ஒளியைச் சாய்வாக விட்டு, அசைவுக்குக் காத்திருங்கள். குளத்துத் தலைப்பிரட்டை உருண்டையாக இருக்கும். இங்கே பலவும் ஒல்லியாக, தட்டையாக, நீண்ட வாலோடு இருக்கும். இரண்டு இலைகளுக்கு நடுவே ஒரு தாள் நுழையும் அளவு இடத்தில் வளைந்து நெளிய அந்த உடல்தான் ஏற்றது. கொசுப்புழு துள்ளித் துள்ளி மேலே வரும். தலைப்பிரட்டை வழுக்கிக்கொண்டு வரும். ஊசித்தட்டானின் இளம்பருவமும் அதே நீரில் இருக்கும், வால் முனையில் மூன்று இதழ்களோடு. பிரேசிலில் லெப்டாக்ரியான் என்னும் ஊசித்தட்டான்கள் ப்ரோமிலியாட் நீரையே நம்பி வாழ்கின்றன. அவை தலைப்பிரட்டையைத் தின்னும். இரண்டும் ஒரே குழியில் தெரிந்தால் தவறாமல் எழுதி வையுங்கள்.

ஒரு குழியில் எத்தனை? பெரும்பாலும் ஒன்று, இரண்டு. இந்தத் தவளைகள் இடும் முட்டைகள் சொற்பம். அரை மடக்கு நீரில் ஆயிரம் பிள்ளைகளை விட்டால் அத்தனையும் பட்டினியில் சாகும். இந்தப் பஞ்சத்தை ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. அது தெரிந்தால் நீங்கள் காண்பதன் பொருள் புரியும்.

பிரேசிலின் லூட்டியோலஸும் பெர்புசில்லாவும் முட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடங்களில் இடும் சிக்கனக்காரர்கள். பிள்ளைகள் மட்கிய சருகையும் அதில் வளரும் நுண்ணுயிர்களையும் அரித்துத் தின்று வளரும்.

பிரேசிலின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய அட்லாண்டிக் காட்டின் ஈரமான பகுதிகளில் ஃபிரிட்ஸியானா இனங்கள் இருக்கின்றன. சான்ட்டா காட்டரீனாவில் வாழ்ந்த இயற்கையாளர் ஃபிரிட்ஸ் முல்லரின் பெயரைத் தாங்கியவை. அவற்றின் தாய் முட்டைகளை முதுகில் சுமந்து திரிவாள். வளர்ந்த தலைப்பிரட்டைகளை இலையடி நீரில் இறக்கிவிடுவாள். முட்டையில் வைத்த மஞ்சள் கருவே அவற்றுக்குக் கட்டுச்சோறு. தவளையாக மாறும்வரை வேறு உணவு வேண்டியதில்லை. டார்ச் ஒளியில் ஒரு சிறு தவளையின் முதுகில் முத்துகள் அடுக்கியதுபோலத் தெரிந்தால், மூச்சை அடக்கிக்கொண்டு பாருங்கள்.

ஜமைக்காவில் இன்னொரு விதம். அந்தத் தீவின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. மழை பாறைக்குள் இறங்கி மறைந்துவிடும். அங்கே மட்டுமே வாழும் ஆஸ்டியோபிலஸ் மரத்தவளைகள் நான்கும் ப்ரோமிலியாட்டையும் மரப்பொந்தையும் தேடிப் போனவை. அவற்றில் ஒசெல்லாட்டஸ் என்னும் பழுப்புத் தவளையின் தாய், முட்டையிட்ட செடிக்குத் திரும்பத் திரும்ப வந்து, பிள்ளைகள் உண்பதற்காகவே முட்டையிடுகிறாள். தாய் வராவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. கோஸ்டா ரிகா, பனாமா மலைகளின் ஸெட்டெக்கித் தவளையின் தலைப்பிரட்டைகளும் தவளை முட்டை தின்று வளர்பவை. அந்தக் காடுகளில் ப்ரோமிலியாட்டுக்குள் ஓர் உலகம் இருக்கிறது என்பதை 1913இல் ஆய்வேடாகவே எழுதியவர் கோஸ்டா ரிகாவின் குளோடோமிரோ பிக்காடோ. பின்னாளில் பாம்புக்கடி ஆய்வில் புகழ்பெற்றவர். அங்குள்ள ஒரு ப்ரோமிலியாட் மரத்தவளை பிக்காடோய் என்று இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது.

மரத்தவளை இனத்தைச் சேர்ந்தது அல்ல என்றாலும் ஒரு தாயைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோஸ்டா ரிகாவின் சிவப்பு உடல், நீலக் கால் கொண்ட நச்சம்புத் தவளை தரையில் முட்டையிடும். பொரித்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு ஏறி, ஒரு குழிக்கு ஒன்று என்று இலையடி நீரில் விடும். பிறகு வாரக்கணக்கில் ஒவ்வொரு குழிக்கும் சென்று கருவுறாத முட்டையிட்டு ஊட்டும். தாய் வந்ததும் உள்ளே இருக்கும் பிள்ளை உடலை விறைத்து நடுங்கிக் காட்டும். எந்தக் குழியில் எந்தப் பிள்ளை என்று முகவரி வைத்திருப்பது நாம் மட்டும் இல்லை.

நம் களக்காடு முண்டந்துறையிலும் இதற்குச் சமமான ஒன்று நடக்கிறது. சாலாசோடஸ் என்னும் சிறு பச்சைத் தவளை மெல்லிய மூங்கிலின் கணுவிடைக்குள், ஒரு கீறல் வழியாக நுழைந்து முட்டையிடுகிறது. அங்கே தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளை.

தவளையின் தோலில் கடுகைவிடச் சிறிய பொடிகள் ஒட்டியிருந்தால் அழுக்கென்று நினைக்காதீர்கள். எல்பிடியம் என்னும் ஓட்டு நீருயிர் அது. தானாக ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போக முடியாது. தவளை மேல் ஏறிப் பயணம் செய்கிறது.

எட்டாம் படி: அன்றிரவே எழுதுங்கள்

ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம். தேதி, நேரம், வெப்பம், கடைசி மழை எப்போது. செடியின் உயரம், தரையிலா மரத்திலா, நீர் நிற்கும் குழிகள் எத்தனை. எந்த முகவரியில் எத்தனை தவளை, எத்தனை தலைப்பிரட்டை. ஒன்றும் காணாத செடிக்கும் அதே கவனத்தோடு ஒரு பக்கம் எழுதுங்கள்; சுழியம் எழுதாத குறிப்பேட்டை நம்ப முடியாது. பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் மஞ்சள், விலாவில் கருங்கோடு, 2 செ.மீ. அளவு என்று கண்டதை எழுதுங்கள். தப்பான பெயரைவிட நல்ல வர்ணனை மேல்.

ஒன்பதாம் படி: செடியை அங்கேயே விட்டு வாருங்கள்

அழகாக இருக்கிறதே என்று ஒரு கன்றைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் ஆசை பலருக்கு வரும். தோட்டச் செடிகளோடு சேர்ந்து லூட்டியோலஸ் தன் சொந்த எல்லையைத் தாண்டி ரியோ டி ஜெனீரோவில் குடியேறிவிட்டது. ஹவாயில் நடந்தது இன்னும் பெரிது. பியூர்ட்டோ ரிக்கோவின் கோக்கித் தவளை நாற்றங்கால் செடிகளில் ஒளிந்து அங்கே போய், தீவுகளில் பெருகி, இரவுகளைக் கூச்சலாக்கி, அரசு பெரும் பணம் செலவழித்தும் ஒழிக்க முடியாதபடி ஆகிவிட்டது.

மருந்து ஊற்றுவது இன்னொரு தீமை. டெங்கு அச்சத்தில் பிரேசிலில் பலர் வீட்டு ப்ரோமிலியாட்டில் ப்ளீச்சும் பூச்சிக்கொல்லியும் ஊற்றுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1940களில் டிரினிடாடிலும் தென் பிரேசிலிலும் மலேரியா பரப்பிய சில அனாபிலிஸ் கொசுக்கள் உண்மையாகவே ப்ரோமிலியாட் நீரில் வளர்ந்தவை. டெங்குக் கொசுவின் கதை வேறு. ரியோ தாவரவியல் பூங்காவின் ப்ரோமிலியாட்டுகளில் எடுத்து 2009இல் வெளியான கணக்கில், கிடைத்த கொசுப்புழுக்களில் டெங்குக் கொசு நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. டெங்குக் கொசுவைத் தேட வேண்டிய இடம் மூடாத தண்ணீர்த் தொட்டியும் பழைய டயரும். உங்கள் வீட்டு ப்ரோமிலியாட்டில் கொசுப்புழு கண்டால் வாரம் ஒருமுறை குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டால் போதும். அதில் தலைப்பிரட்டை இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன், நீங்கள் பார்த்த செடியின் நடுவில் பூங்கொத்து எழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலான ப்ரோமிலியாட்டுகள் ஒரே ஒருமுறை பூக்கும். பூத்த பின் அந்தத் தாய்ச்செடி மெல்ல வாடும். இலையடிகள் ஒவ்வொன்றாக நீர் விடும். அதற்குள் அடியில் பக்கக்கன்றுகள் கிளம்பியிருக்கும். அவை எத்தனை, எந்த மணித் திசையில், எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். அடுத்த மழைக்காலத்தில் திரும்பி வரும்போது குரல் அந்தக் கன்றிலிருந்து வரும்.